குழாயில் ஏறிய ரத்தம்

ஸ்டீபன் ஹேல்ஸ் டாக்டர் இல்லை நண்பர்களே, பாதிரியார்! 1677-ல் இங்கிலாந்தில் பிறந்தார். டெடிங்டன் ஊர் தேவாலயப் பணியோடு ஆராய்ச்சியும் செய்தார். பெண் குதிரையின் தொடைத் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் ஆடியது. நம்ம ஹைட்ராலிக்ஸ் லேப் பீசோமீட்டரேதான்! 1733-ல் நூலாக வெளியிட்டார், 1761-ல் மறைந்தார்.

கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு, அவை சொல்ல மூளை இதய வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது.

மூட்டை தூக்கும் எங்க அப்பா, தலைவலிதான் இல்லையே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டார். ஹேல்ஸ் குழாயை வரைந்து காட்டினேன்: வலிக்காமலேயே மட்டம் ஏறும், அளந்தால்தான் தெரியும். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்க வீட்டின் முதல் படிப்பு தந்த முதல் பலன் இதுதான்!