செப்டம்பர் 11-க்கு 2 நாள் முன்பு ஒரு கொலை: யார் இந்த அகமது ஷா மசூத்?

2001 செப்டம்பர் 9. தஜிகிஸ்தான் எல்லையை ஒட்டிய கோஜா பஹாவுதீன் என்ற ஆப்கன் ஊர். பேட்டி வேண்டும் என்று நாள்கணக்கில் காத்திருந்த இரண்டு அரபு 'டிவி நிருபர்களை' உள்ளே விடுகிறார்கள். அவர்கள் வைத்திருந்த பெல்ஜியம் பாஸ்போர்ட் திருட்டு பாஸ்போர்ட். பேட்டி தொடங்கியதும் குண்டு வெடிக்கிறது. அனுப்பியது அல்-கொய்தா. இறந்தது, தாலிபானை எதிர்த்து நின்ற வடக்குக் கூட்டணியின் தளபதி மசூத். வயது 48.

பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். காபூலில் பிரெஞ்சுப் பள்ளி, அப்புறம் பாலிடெக்னிக். 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது. பஞ்ச்ஷீரைப் பிடிக்க அது திரும்பத் திரும்ப முயன்றும் அவரை ஒடுக்க முடியவில்லை. 'பஞ்ச்ஷீர் சிங்கம்' என்ற பெயர் அப்படி வந்தது.

இதோடு நிறுத்தினால் அவர் ஹீரோ மட்டும்தான். ஆனா 1992-ல் பாதுகாப்பு அமைச்சர் ஆனதும் முஜாஹிதீன் குழுக்களின் சண்டையில் காபூல் நொறுங்கியது. ராக்கெட் மழை பொழிந்தது ஹெக்மத்தியார் தரப்பு. 1993-ல் அஃப்ஷார் பகுதியில் ஹசாரா மக்கள் கொல்லப்பட்டதில் மசூதின் படைக்கும் பங்கு உண்டு. இந்தக் குழப்பத்தில்தான், ஒழுங்கைக் கொண்டுவருகிறோம் என்று தாலிபான் வளர்ந்தது. 1996-ல் காபூல் அவர்கள் கையில்.

சரி, இது அவர்கள் உள்நாட்டு விவகாரம்தானே? இல்லை. தாலிபான் அரசை அங்கீகரித்தது பாகிஸ்தான், சவூதி, ஐக்கிய அரபு அமீரகம் என 3 நாடுகள்தான். ஆனா அந்த மண்ணில் அல்-கொய்தாவுக்கு இடம் கிடைத்தது. உஸ்பெக், கிர்கிஸ் எல்லைகளில் தாக்குதல் நடத்திய உஸ்பெகிஸ்தான் இஸ்லாமிய இயக்கத்துக்கும் கிடைத்தது. 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட நம்ம ஐசி-814 விமானம் நின்றதும் தாலிபானின் காந்தஹாரில்தான். பயணிகளுக்காக இந்தியா விடுவித்த 3 பேரில் ஒருவரான மசூத் அசார் (பெயரில் குழம்ப வேண்டாம், இவர் வேற ஆள்) அடுத்த ஆண்டே ஜெய்ஷ்-இ-முகமதுவைத் தொடங்கினார்.

2001 ஏப்ரலில் மசூத் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை போய், பாகிஸ்தானை நெருக்குங்கள், இந்த ஆபத்து ஆப்கானிஸ்தானோடு நிற்காது என்று எச்சரித்தார். மரியாதை கிடைத்தது, உதவி பெரிதாக வரவில்லை.

அவரை ஏன் முதலில் கொன்றார்கள்? அமெரிக்கா பதிலடிக்கு வந்தால் தரையில் துணை நிற்கக்கூடிய பெரிய தளபதி அவர்தான். அந்தக் கணக்கு அப்போது பலிக்கவில்லை. நவம்பர் 13-ல் அவருடைய வீரர்களே காபூலுக்குள் நுழைந்தார்கள்.

அவர் இருந்தவரை தாலிபானால் பிடிக்க முடியாத பஞ்ச்ஷீர், 2021 செப்டம்பரில் விழுந்தது. அங்கே எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் அகமது மசூத். அப்பா கொல்லப்பட்டபோது அவருக்கு 12 வயது.