எமி ஜான்சன் அம்மையார்

ஆகாய விமானம் ஓட்டுவோரிடத்து உலகம் பெரிதும் மெச்சுவது துணிவையே. மேகம் வழியை மறித்தால் எங்கே இறங்குவது என்று முன்னரே எண்ணிவைக்கும் அறிவை மெச்சுவோர் சிலரே. இவ்விரண்டும் வாய்க்கப்பெற்றும் மேகத்தால் உயிரிழந்த எமி ஜான்சன் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவ்வம்மையார் 1903-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ம் தேதி, இங்கிலாந்திலுள்ள ஹல் நகரில், மீன் வியாபாரி ஒருவருக்கு மகளாய்ப் பிறந்தார். ஷெப்பீல்டு சர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றபின், லண்டனில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்து வேலை பார்த்தார். 1929-ல் விமானம் ஓட்டவும் அதன் இயந்திரத்தைப் பழுது பார்க்கவும் உரிமைச் சீட்டுகள் பெற்றார்.

1930-ம் ஆண்டு மே மாதம் 5-ம் தேதி, பிறர் ஓட்டிப் பழகிய சிறு விமானமொன்றில் குராய்டனிலிருந்து தனியே புறப்பட்டு, 24-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். அவ்வழியெல்லாம் அவரைக் காத்தது, இறங்குமிடம் தேர்ந்த நிதானமே. பாக்தாதை அணுகுங்கால் மணற்புயல் சூழவே பாலைவனத்தில் இறங்கி, சக்கரங்களுக்குப் பெட்டிகளை அணைகொடுத்துக் காத்திருந்தார். அலகாபாத்தை நோக்கி வருகையில் எண்ணெய் குறைந்ததைக் கண்டு, ஜான்சியில் படைவீரரின் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். இரங்கூனுக்கு அருகே பெருமழையில் கருதிய இடம் புலப்படாமையால், இன்சீனில் ஒரு தொழிற் கலாசாலையின் விளையாட்டு மைதானத்தில் இறங்க, விமானம் பள்ளத்தில் வீழ்ந்து இறக்கை கிழிந்தது. விமானத் துணியாலேயே தைத்திருந்த பழஞ்சட்டைகளைப் பிரித்து அதனை ஒட்டுப்போட்டனராம்! விமானம் சிதைந்தது; ஓட்டியவர் பிழைத்தார். பின்னர் அவர் புரிந்த அருஞ்செயல்கள் விரிப்பிற் பெருகுமாதலின் விடுக்கின்றாம்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபின், 1940-ல், தொழிற்சாலைகளிலிருந்து போர் விமானங்களைப் படைநிலையங்களுக்குக் கொண்டு சேர்க்கும் துணைப்படையில் அம்மையார் சேர்ந்தார். அப்படையினரின் விமானங்களில் வானொலித் துணை இல்லை. ஆதலின் மேகம் 800 அடிக்குக் கீழே தாழ்ந்தாலும், 2000 கஜத்திற்கு அப்பால் கண் தெரியாவிட்டாலும் புறப்படலாகாது என்பது அவர்தம் விதி. நிலத்தைக் கண்டுகொண்டே மேகத்தின் கீழ்ப் பறத்தல் வேண்டும். புறப்படாது தங்கியிருக்கும் உரிமையும் ஓட்டுபவருக்கு உண்டு. ஆனால் புறப்படுமிடத்தில் வானம் தெளிந்திருத்தல் மட்டும் போதுமா? சேருமிடத்தும், வழியில் ஒதுங்கக் கருதிய இடத்தும் கண் தெரிதல் வேண்டுமன்றோ?

1941-ம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ம் தேதி முற்பகலில், ஆக்ஸ்போர்டு என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தைப் பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டனுக்குக் கொண்டு சென்றார். அது ஒரு மணி நேர அளவான வழியே. கடுங்குளிரும் மேகமும் நாட்டை மூடியிருந்தன. மேகத்திற்கு மேலே சென்றுவிட்டவருக்குக் கீழே எத்தனை நிலையங்கள் இருந்தென்ன? ஒன்றும் இல்லாததற்கு ஒப்பே. ஜான்சியில் எண்ணெய் குறைந்தபோது கீழே திடல் தெரிந்தது. இங்கே அதுவும் தெரியவில்லை. ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற்குப் பின், வழியினின்று நெடுந்தொலைவு விலகி, தேம்ஸ் நதிமுகத்தின்மேல் பாராசூட்டில் குதித்தார். அங்குச் சென்றுகொண்டிருந்த ஹேசில்மியர் என்னும் கப்பலின் தலைவர் வால்டர் பிளெச்சர், அவரை மீட்கக் குளிர்நீரில் பாய்ந்து தம்முயிரையும் இழந்தார்.

அம்மையாரின் உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத விமானப்படையினருக்கென ரன்னிமீடில் எழுப்பப்பெற்ற நினைவுமண்டபத்தில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.