தாமஸ் டெல்போர்டு

ஸ்காத்லாந்து தேயத்தின் தென்பகுதியில், எஸ்க் என்னும் சிற்றாறு பாயும் மலைச்சாரலிலே, 1757-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள், ஆட்டிடையர் ஒருவரது குடிலில் ஓர் ஆண்மகவு பிறந்தது. சின்மாதங்களுக்குள் தந்தையார் இறந்துபட்டார். தாயார் ஜேனட் என்பார், அயலார் வீடுகளிலும் வயல்களிலும் வேலைசெய்து அம்மகவை வளர்த்தார். அம்மகனே பிற்காலத்தில் பாலங்களும் பாதைகளும் கால்வாய்களும் சமைத்துப் பெரும்புகழ் எய்திய தாமஸ் டெல்போர்டு ஆவார்.

இவர் ஊர்ப் பள்ளியிற் சிறிது கற்று, லாங்கம் என்னும் ஊரில் கல்தச்சரிடம் தொழில் பயின்றார். எடின்பரோவிற் கல் கொத்தினார். 1782-இல் இலண்டன் சென்று ஸாமர்ஸெட் மாளிகைக் கட்டட வேலையில் அமர்ந்தார். 1784-இல் போர்ட்ஸ்மத் கப்பற்றுறையில் மேற்பார்வை புரிந்தார். பகலெல்லாம் உளி பிடித்த கை இரவில் நூல் பிடிக்கும். தாயாருக்கு எழுதுங்காலத்து, அவர் எளிதிற் படித்துக்கொள்ளும்பொருட்டு, அச்செழுத்துப்போல ஒவ்வோரெழுத்தையும் தனித்தனியே வரைந்து விடுப்பாராம்.

1787-இல் ஷ்ராப்ஷயர் ஜில்லாவின் கட்டடக் கண்காணிப்பாளர் பதவி இவருக்குக் கிடைத்தது. மறுவருடத்து நிகழ்ச்சி ஒன்று நினைக்கத்தக்கது. ஷ்ரூஸ்பரி நகரத்துப் பழைய தேவாலயத்தின் கூரை ஒழுகுகின்றதெனக் கூறி, அதனைச் செப்பனிடுமாறு ஆலயத்தார் இவரை அழைத்தனர். இவர் சென்று பார்த்தபோது சுவர்களெங்கும் வெடிப்புக்கள் காணப்பட்டன. அடிவாரத்தை ஒட்டிக் கல்லறைகள் தோண்டியதனால் அஸ்திவாரமே நிலைகுலைந்திருந்தது. சுவரைத் தாங்குதற்கு வழிசெய்த பின்னரே கூரையைத் தொடலாம் என்றார். அவர்களோ, இவர் தமக்கு வேலை தேடிக்கொள்கின்றார் என எள்ளி நகைத்தனர். 1788 ஜூலையில் கோபுரம் இடிந்து ஆலயத்தின்மேல் வீழ்ந்தது.

இவர் சமைத்தவற்றுள் பாலங்களே பலருக்கும் தெரியும். ஆயினும் இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கூற விழைவது, ஒப்பந்தம் எழுதுவதிலும் கணக்கு வைப்பதிலும் இவர் ஏற்படுத்திய ஒழுங்கினையே. நம் சங்கத்து அன்பர்களுள் கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுப்போரும், அவரிடம் கூலிவேலை செய்வோரும் உளர். அளவில் வழக்கு, கூலியில் வழக்கு, வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துப் பின் நீதிமன்ற வாயிலில் நிற்றல் ஆகிய இவையெல்லாம் அவர்கள் கண்கூடாக அறிந்தனவே.

ஸ்காத்லாந்தின் வடபால் மலைநாடு அக்காலத்தில் வழியற்றுக் கிடந்தது. மக்கள் பிழைப்பின்றிக் கடல்கடந்து சென்றவண்ணம் இருந்தனர். 1803-இல் பார்லிமெண்டு ஒரு குழுவை நியமித்து, பாதைச் செலவிற் பாதியை அரசாங்கமும் மறுபாதியை அவ்வந்நிலக்கிழாரும் ஏற்குமாறு விதித்தது. நிலக்கிழார் தம் பங்கைக் கட்டிய பிறகே வேலை தொடங்கும். ‘பின்னர்த் தருவேன்’ என்னும் பேச்சுக்கு ஆங்கு இடமில்லை! குழுவின் இஞ்சினீயர் டெல்போர்டு. காரியதரிசி ஜான் ரிக்மன். பிரிட்டனின் முதற் குடிமதிப்புக் கணக்கெடுப்பை நடத்தியவரும் இந்த ரிக்மனே. இவ்விருவரும் சேர்ந்தமையால் ஏடுகள் செம்மையுற்றன.

வேலை நடக்கும் முறை பின்வருமாறு: முதலில் நிலத்தை அளந்து படம் வரைவர். பின்னர்ப் பாதையின் அகலம், பரப்பும் கல்லின் கனம், நீர்வடிகால், சுவரின் கட்டுமானம் முதலியவற்றை ஐயத்துக்கிடமின்றி எழுதிவைப்பர். அதன்பேரில் ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்பர். ஏற்றுக்கொண்டவர் ஜாமீன் கொடுத்தல் வேண்டும். வேலை நடக்குங்கால் கண்காணிப்பாளர் நேரிற் சென்று அளந்து சான்று தந்தாலன்றிப் பணம் புறப்படாது. நம் பொதுப்பணித் துறையில் ‘எம்-புக்’ என வழங்கும் அளவைப் புத்தகத்தோடு பழகியோர்க்கு இம்முறை புதியதாகத் தோன்றாது.

இத்துணை ஒழுங்கிருந்தும் தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர் சிலர் நொடித்துப்போயினர். மலைநாட்டு வேலையின் கடுமையறியாது குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டதே காரணம். எழுத்து ஒருவனை ஏமாற்றத்தினின்று காக்குமேயன்றி அவனது தப்புக்கணக்கினின்று காவாது. டெல்போர்டும் வெறும் விலைக்குறைவை நோக்காது, ஆளின் தகுதியை நோக்கும் கொள்கையினர். கொல்லுவேலைக்கு ஹேசல்டைன், கல்வேலைக்கு வில்ஸன் எனத் தேர்ந்த சிலரையே பல வேலைகளுக்கும் உடன்கொண்டார்.

தலைமைக் கண்காணிப்பாளரான ஜான் மிச்செல் கல்தச்சராயிருந்து உயர்ந்தவர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல் குதிரைமீது சென்று வேலைகளைப் பார்வையிட்டார். அச்சத்துக்கும் தாட்சணியத்துக்கும் அவர் வளையாதவர் என்பதை, 1819-இல் டெல்போர்டுடன் அந்நாட்டைச் சுற்றிவந்த புலவர் ராபர்ட் ஸௌதி தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இவ்வாறு ஏறத்தாழ 920 மைல் புதுப்பாதையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களும் அமைந்தன.

கலிடோனியக் கால்வாயின் வரலாறு இத்துணை இனியதன்று. 60 மைல் நீளமுள்ள அவ்வழிக்கு 3,50,000 பவுன் ஆகுமென டெல்போர்டு முதலில் மதிப்பிட்டார். 1822-இல் அது திறக்கப்பட்டபோது செலவு 9,00,000 பவுனைக் கடந்திருந்தது. நெப்போலியனோடு நிகழ்ந்த போரால் கூலியும் பண்டங்களின் விலையும் ஏறியது உண்மையே. மதிப்பீடு குறைவாயிருந்ததும் உண்மையே. குறைகூறுவோர் மிகுந்தனர். ஆயின், ஆண்டுதோறும் வரவுசெலவு அச்சாகிப் பார்லிமெண்டின்முன் வைக்கப்பட்டமையால், பணம் சென்றவழி யாவர்க்கும் தெரிந்திருந்தது.

மெனாய் நீரிணையின்மேல் இவர் அமைத்த தொங்குபாலம் 1826 ஜனவரி 30-இல் திறக்கப்பட்டது. தூண்களுக்கிடையே 579 அடி. அதன் சங்கிலிகளுக்குரிய இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றும் இழுத்துச் சோதிக்கப்பெற்ற பின்னரே ஏற்றப்பட்டன. அந்நாட்களில் கவலையால் டெல்போர்டுக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்பர்.

1820-இல் சிவில் இஞ்சினீயர்களின் சங்கத்துக்கு இவர் முதல் தலைவரானார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் செய்த வேலையைப்பற்றிக் கட்டுரையோ படமோ அளித்தல் வேண்டுமென்று வலியுறுத்தினார். கூட்டத்தில் நிகழும் உரையாடல்களையும் குறித்துவைக்கச் செய்தார்.

இனி ஒன்று கூறாது விடுதல் நேர்மையாகாது. 1805-இல் முடிவுற்ற பொன்ட்கசுல்தே நீர்ப்பாலம், 126 அடி உயரத்தில் இரும்புத் தொட்டியில் தண்ணீரைச் சுமந்துநிற்கும் அற்புதம். அதன் தலைமை இஞ்சினீயராயிருந்தவர் வில்லியம் ஜெஸ்ஸப். டெல்போர்டு 1793-இல் அக்கால்வாய்க் கம்பெனியில் அவருக்குக் கீழ்ப்பட்டே அமர்ந்தார். ஆயினும் முதுமையில் எழுதிய தம் சரிதத்தில் ஜெஸ்ஸப்பின் பங்கை ஏறக்குறைய மறைத்துவிட்டார். இத்துணைப் பெரியார்க்கு இஃது அழகன்று என்பதே எமது கருத்து. கம்பெனியின் கூட்டக் குறிப்பேடுகள் எஞ்சியிருந்தமையால், பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அவற்றைப் புரட்டி ஜெஸ்ஸப்புக்குரிய இடத்தை மீட்டளித்தனர்.

டெல்போர்டு மணம் புரிந்திலர். 1834 செப்டம்பர் 2-ஆம் நாள் இலண்டனில் உயிர்நீத்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ்செய்யப்பெற்றார். தம் உடைமையில் ஒரு பங்கை இஞ்சினீயர் சங்கத்துக்கும், நண்பர் பலர்க்கும் எழுதிவைத்தார். தாம் பிறந்த வெஸ்டர்கர்க், தொழில் பயின்ற லாங்கம் ஆகிய இரண்டு ஊர் நூல்நிலையங்களையும் மறந்திலர். வெஸ்டர்கர்க் நூல்நிலையம் 1793-இல் அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளர் தொடங்கியது.