காணாமல் போனவர் விட்டுச் சென்ற தறிகள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முதலில் எதிர்ப்படும் பட்டணம் ரிங்லெட். அதைத் தாண்டி, ஏரியையும் தேயிலைச் சரிவுகளையும் கடந்து மேலே சென்றால் தானா ராத்தா வரும். 1967ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், 61 வயது அமெரிக்கர் ஒருவர் விடுமுறையைக் கழிக்க இந்தச் சாலை வழியாக மேலே சென்றார். அவர் மீண்டும் மலையிறங்கி வரவே இல்லை.

அவர்தான் தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த ஜிம் தாம்சன். அவர் காணாமல் போன கதையை நம் நாட்டில் பலர் கேட்டிருப்பர். அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பகுதியைத்தான். வீட்டுக்குள் குடும்பத்தார் கையால் செய்துவந்த ஒரு வேலை அழியும் தறுவாயில் இருந்தபோது, அதற்கு மறுவாழ்வு கொடுத்தவர் அவர்.

கணிதம் கைகொடுக்காத மாணவர்

ஜேம்ஸ் ஹாரிசன் வில்சன் தாம்சன் 1906ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை துணி உற்பத்தித் தொழில் செய்தவர். வசதியான குடும்பம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1928இல் பட்டம் பெற்ற பிறகு, கட்டடக் கலை படிக்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதத்தில் அவர் பலவீனமாக இருந்ததால் அந்தப் படிப்பை முடிக்க இயலவில்லை. ஆயினும் நியூயார்க்கில் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் ஏறக்குறைய 10 ஆண்டுகள் வேலை செய்தார். வீடுகளை வடிவமைப்பதிலும், நிறங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதிலும் அவருடைய கண் தேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது. அமெரிக்க இராணுவத்தின் உளவுப் பிரிவான ஓ.எஸ்.எஸ். அமைப்பில் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றினார். ஐரோப்பாவில் போர் முடிந்ததும் அவரை இலங்கைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து தாய்லாந்துக்குள் நுழைய வேண்டும் என்பது திட்டம். அதற்குள் 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்துவிட்டது. போர்க்களத்துக்குச் செல்ல வேண்டியவர் அமைதி திரும்பிய பேங்காக் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். 1946இல் இராணுவப் பணியிலிருந்து விடுபட்ட பிறகும் அந்த நகரத்தை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

கால்வாய்க் கரையில் கேட்ட ஓசை

தாய்லாந்தில் பட்டு நெசவு பழங்காலத் தொழில். பல வீடுகளில் தறி இருந்தது. வீட்டுப் பெண்கள் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வேண்டிய துணிகளைத் தாங்களே நெய்துகொண்டார்கள். ஆனால் வெளிநாட்டு இயந்திரத் துணிகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்ததும் கைத்தறிப் பட்டை வாங்குவோர் குறைந்தனர். தாம்சன் போய்ச் சேர்ந்த காலத்தில், மீந்திருந்த தறிகளில் பல மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

பேங்காக்கின் சேன் சேப் கால்வாய்க் கரையில் பான் குருவா என்றொரு குடியிருப்பு உண்டு. அங்கே வாழ்ந்தவர்கள் சாம் இனத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். கம்போடியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். சாம் மொழியும் மலாய் மொழியும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அந்தக் குடியிருப்பில் சில வீடுகளில் மட்டும் இன்னும் தறியோசை கேட்டது. தாம்சன் அவர்களைத் தேடிப் போனார். மீண்டும் நெய்து தருமாறு கேட்டார். வாங்குவதற்கு ஆளில்லாத துணியை எதற்கு நெய்வது என்று அவர்கள் தயங்கியது இயல்புதான்.

வாங்குவோரைக் கண்டுபிடிப்பதைத் தாம்சன் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். 1947இல் பட்டு மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நியூயார்க் சென்றார். வோக் என்ற புகழ்பெற்ற ஆடை அலங்கார இதழின் ஆசிரியர் எட்னா வுல்மன் சேஸ் அம்மையாரிடம் அவற்றைக் காட்டினார். அந்தத் துணியின் அழகை அவர் உடனே கண்டுகொண்டார். தாம்சனுக்கு நம்பிக்கை பிறந்தது. 1948இல் ஜார்ஜ் பாரி என்ற கூட்டாளியுடன் சேர்ந்து பட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

எதை மாற்றினார், எதை விட்டுவைத்தார்?

தாம்சனுக்குத் தறியில் உட்கார்ந்து நெய்யத் தெரியாது. ஆனால் ஒரு துணியில் எது குறை, எது நிறை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது.

அன்றைய தாய்லாந்துப் பட்டின் பெருங்குறை அதன் சாயம். துவைத்தால் நிறம் போய்விடும். அப்படிப்பட்ட துணியை வெளிநாட்டார் ஒரு முறை வாங்கலாம். மறுமுறை வாங்க மாட்டார்கள். எனவே நிறம் போகாத இரசாயனச் சாயங்களை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து நெசவாளர்களுக்குக் கொடுத்தார். தரம் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்புக் காட்டினார்.

நெய்யும் முறையை அவர் குறையாகப் பார்க்கவில்லை. கையால் திரித்த தாய்லாந்துப் பட்டு நூல் ஒரே சீராக இராது. இடையிடையே தடித்தும் மெலிந்தும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் துணிக்கு உயிரோட்டமுள்ள மினுமினுப்பைத் தருகிறது. மேலும், நீளவாக்கில் போகும் பாவு நூலுக்கு ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு வேறொரு நிறமும் கொடுத்து நெய்தால், துணியை அசைக்கும்போதெல்லாம் நிறம் மாறித் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் மயில்கழுத்து நிறம் என்று சொல்லிக் கட்டும் பட்டுச் சேலையிலும் இதே உத்திதான். இயந்திரத் துணியின் வழவழப்புக்காக இந்த அழகை இழக்க அவர் விரும்பவில்லை.

இன்னொன்றையும் அவர் மாற்றாமல் விட்டார். நெசவாளர்களைத் தொழிற்சாலைக்கு இழுக்கவில்லை. நூலும் சாயமும் அவர்கள் வீட்டுக்குப் போயின. நெய்து முடித்த துணி வீட்டிலிருந்து வந்தது. நெய்த அளவுக்கு ஏற்பக் கூலி கிடைத்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டே அவர்கள் தறியில் உட்கார்ந்தார்கள். குடும்பத்துக்குச் சம்பாதித்துத் தருபவர்களாகவும் ஆனார்கள்.

1951இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஏறிய ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்துக்கு ஆடை வடிவமைத்த ஐரீன் ஷாராஃப், தாய்லாந்துப் பட்டைப் பயன்படுத்தினார். அதன் பிறகு அந்தப் பட்டுக்குத் தனி விளம்பரம் தேவைப்படவில்லை.

பான் குருவாவுக்கு எதிர்க்கரையில், பழைய தேக்கு மர வீடுகள் ஆறினைப் பிரித்துக் கொண்டுவந்து, ஒன்றாக இணைத்துத் தமக்கொரு வீடு கட்டிக்கொண்டார் தாம்சன். 1959இல் அதில் குடியேறினார். நெசவாளர்களைப் பார்க்கக் கால்வாயைக் கடந்தால் போதும். 1962இல் தாய்லாந்து அரசு அவருக்கு வெள்ளை யானை விருது வழங்கியது. அதே ஆண்டில் அவர் சேகரித்திருந்த பழஞ்சிலைகள் சில தொடர்பாக அந்நாட்டுத் தொல்பொருள் அதிகாரிகளுடன் அவருக்குப் பிணக்கும் ஏற்பட்டது.

ஈஸ்டர் ஞாயிறு

1967 மார்ச் 26. அன்று ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவுக்கு அருகே, மூன்லைட் என்று பெயர் கொண்ட பங்களாவில் தம் நண்பர்களான லிங் தம்பதியரின் விருந்தினராகத் தாம்சன் தங்கியிருந்தார். காலையில் தேவாலய வழிபாடு. பிறகு மலைமேல் உணவு. பிற்பகலில் பங்களாவுக்குத் திரும்பியதும் மற்றவர்கள் ஓய்வெடுக்கச் சென்றார்கள். தாம்சன் மட்டும் வெளியே நடந்து போனார். தம் சிகரெட்டையும் மேலங்கியையும் அவர் எடுத்துச் செல்லவில்லை. விரைவில் திரும்பிவிடும் எண்ணத்தில்தான் கிளம்பியிருக்க வேண்டும்.

மாலையாகியும் அவர் வரவில்லை. காவல் துறையினர், இராணுவத்தினர், காட்டை நன்கறிந்த பூர்வக்குடியினர் என நூற்றுக்கணக்கானோர் நாள் கணக்கில் தேடினார்கள். ஒரு தடயமும் அகப்படவில்லை. வழி தவறினார், விலங்கு தாக்கியது, கடத்தப்பட்டார், பழைய உளவுப் பணிக்காகப் பழிவாங்கப்பட்டார் என்று ஊகங்கள் பெருகின. எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. 1974இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

நின்றுபோகாத தறி

முதலாளி திடீரென்று மறைந்தால் தொழிலும் முடங்கிவிடுவது உலக வழக்கம். தாய்லாந்துப் பட்டுக்கு அது நேரவில்லை. திறமை நெசவாளர்களின் கைகளில் இருந்தது. வாங்குவோரும் உலகம் முழுவதும் இருந்தார்கள். நிறுவனம் தொடர்ந்து வளர்ந்தது. அவருடைய பெயரில் 1976இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

ஆனால் ஒன்று மாறியது. அவர் காணாமல் போன பிறகு நிறுவனத்தின் நெசவு வேலைகள் வடகிழக்கிலுள்ள கோராட் பகுதிக்கு இடம் மாறின. பான் குருவாவில் தறியோசை தேய்ந்துபோனது. தொழில் வளர்ந்தது, அதற்கு வித்திட்ட வீடுகளிலிருந்து அது விலகிச் சென்றுவிட்டது. வீட்டுக்குள் செய்யும் வேலையை வீட்டிலேயே வைத்துக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் தையல் இயந்திரம் ஒன்று இருக்கலாம். பாட்டி பின்னிய கம்பளித் தொப்பியோ, அம்மா பூவேலை செய்த தலையணை உறையோ இருக்கலாம். அவற்றைக் கையில் எடுத்துத் தாம்சன் கேட்ட கேள்விகளையே கேட்டுப் பாருங்கள். இதை வாங்க வருபவர் எந்தக் குறையைக் கண்டு திரும்பிப் போவார்? எதை மாற்றினால் இதன் அழகு கெட்டுவிடும்? இதைச் செய்தவருக்கு எவ்வளவு கொடுத்தால் அது நியாயமான கூலி? கணிதத்தில் தடுமாறிய ஒருவர் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டதால்தான், மூலையில் கிடந்த தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கின.