ஒப்பிடக் கற்பித்த பேராசிரியர்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கைலாசபதி கலையரங்கு என்ற பெயரை அறியாதார் இலர். அப்பெயருக்குரியவர் எமக்கு விட்டுச் சென்றது யாது என்பதை இன்றைய தலைமுறை எவ்வளவு அறியும் என்பது வேறு கேள்வி.

கனகசபாபதி கைலாசபதி 1933 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பிறந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்று, பேராதனையில் பட்டம் பெற்றார். 1959 இல் தினகரன் ஆசிரியரானார். ஈழத்து எழுத்து தமிழகத்தின் நிழலாக இருத்தலாகாது என்னும் தேசிய இலக்கியக் கோட்பாட்டுக்கு அவர் அப்பத்திரிகையில் களம் அமைத்தார். பாரதியையும் தாகூரையும் ஒருங்கே நோக்கிய ‘இரு மகாகவிகள்’ 1962 இல் வெளிவந்தது.

பின்னர் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். அதன் பயனாக விளைந்த ஆங்கில நூலை 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. ஹோமரின் காவியங்களோடும் அயர்லாந்து, வேல்ஸ் வீரப் பாடல்களோடும் சங்கப் பாடல்களை அவர் அதில் ஒப்பிட்டார். திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் அடைகளையும் சான்றாகக் காட்டி, அவை பாணரின் வாய்மொழி மரபில் தோன்றியவை என நிறுவ முயன்றார். அவை பாணர் மரபைப் பின்பற்றிக் கற்றறிந்த புலவர் இயற்றியவை எனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்தனர். எனினும், தமிழின் பழைமையைப் போற்றுவதோடு அமையாது, அதனை உலக இலக்கியங்களின் அருகே வைத்து ஆராயலாம் என்ற துணிவு அவரால் வலுப்பெற்றது. 1969 இல் வெளிவந்த ‘ஒப்பியல் இலக்கியம்’ அம்முறையைத் தமிழிலேயே கற்பித்தது.

1974 இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இயங்கிய இடத்தில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டபோது அதன் முதற் தலைவராகப் பொறுப்பேற்றார். கட்டடமும் வளமும் அரிதான அந்நாட்களில் இட்ட அடித்தளத்திலேயே இன்றைய பல்கலைக்கழகம் நிற்கின்றது.

அவர் குறைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். மார்க்சியக் கொள்கைப் பற்று அவரது மதிப்பீடுகளைக் குறுக்கியது என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. மு. தளையசிங்கமும் எஸ். பொன்னுத்துரையும் முற்போக்கு அணியினரோடு கடுமையாக முரண்பட்டனர். அக்கண்டனங்களில் நியாயம் உண்டென்றே நாமும் கருதுகின்றோம். ஆயினும் அவரை மறுக்க முற்பட்டவர்களும் ஆழ்ந்து கற்றுத் தர்க்கிக்க வேண்டியிருந்தது. அவ்விவாதங்களால் வளம் பெற்றது ஈழத்துத் திறனாய்வே.

1982 டிசம்பர் 6 ஆம் திகதி, ஐம்பது வயது நிறையுமுன்னரே அவர் மறைந்தார்.

நூல் வெளியீட்டு மேடைகளில் பாராட்டுரைகள் பெருகி, விமர்சனம் பகைமையாகக் கொள்ளப்படும் காலம் இது. பிறரோடு ஒப்பிட்டால் எமது மொழி சிறுமையுறும் என அஞ்சுவோரும் உளர். ஒப்பீட்டுக்கு அஞ்சாத மொழியாகத் தமிழை உலக அரங்கில் நிறுத்தியவர் கைலாசபதி. அவரது முடிவுகளையும் அதே முறையால் சோதித்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலியாகும்.