ஆரோக்கியவரத்து வைத்தியர் பிறிமோட் மொல்லர்

தொய்வு, இழுப்பு, ஈளை, சயம் என மூச்சுக்கு வரும் இடர்களை நம் முன்னோர் பல பெயரிட்டு வழங்கினர். இவற்றுள் சயம் என்னும் சொல்லை மாத்திரம் வீட்டுக்குள்ளும் உரத்துச் சொல்ல அஞ்சுவர். நாரந்தனையில் எமது அயல்வீட்டார் ஒருவர் தென்னிலங்கைக் கடையொன்றிற் பல்லாண்டு இருந்து ஊர் மீண்டார். நள்ளிரவு கடந்ததும் இருமலும் மூச்சுமுட்டும் அவரை எழுப்பிவிடும். விடியும்வரை திண்ணைத் தூணைப் பற்றிக்கொண்டு குந்தியிருப்பார். உடல் மெலிந்தது. சயம் என்று ஊர் தீர்ப்புச் செய்தது. அவர் உண்ணும் கோப்பை வேறாக வைக்கப்பட்டது. மகளுக்குப் பேசிய கலியாணமும் நின்றது. ஈற்றில் ஒரு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, மூன்று வாரம் குளிசை கொடுத்தார். நோய் நீங்கிற்று. கலியாணம் மீளப் பேசப்படவில்லை.

சயத்தின் வேடம் பூண்டு வரும் இந்நோயை வேறு பிரித்துக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் கிறிஸ்தியன் பிறிமோட் மொல்லர் என்னும் பெரியார். நம் மாணவர் பலர் அவர் பெயரைக் கேட்டிரார். ஆயினும் தென்னிந்தியாவிற் காசநோய் வைத்தியத்தின் வரலாற்றை அவரை விடுத்து எழுதுதல் இயலாது.

அன்னார் பிறந்த நாடு டென்மார்க்கு. தென்னார்க்காட்டுப் பகுதியில் நெடுங்காலம் தொண்டு செய்த டேனிஷ் மிசனின் வைத்தியராக அவர் இந்தியாவுக்கு வந்தார். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழிலே மருத்துவம் கற்பித்த வரலாற்றை அறிந்த நமக்கு, சமயத்தால் வேறுபட்டோரின் வைத்தியத் தொண்டை விளக்கிக் கூறவேண்டியதில்லை. அக்காலத்திற் சயரோகிகளுக்கென்று தென்னிந்தியாவில் இருந்த வசதி மிகக் குறைவு. சாதாரண வைத்தியசாலைகள் அவர்களை ஏற்கத் தயங்கின. ஆகவே மிசன் சங்கங்கள் பல தம்முள் இருந்த பேதங்களை ஒருபுறம் வைத்து, பொதுவில் ஒரு சிகிச்சை நிலையம் அமைக்க முற்பட்டன. அப்பொறுப்பு பிறிமோட் மொல்லரிடம் வந்தது. 1912இல் தொடங்கிய முயற்சி 1915இல் நிலையமாயிற்று. அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அண்மையில், கடல்மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேற்பட்ட வறண்ட மேட்டுநிலத்தில் அது எழுந்தது. இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயரிட்டனர். மருந்தில்லா நோய்க்கு எழுந்த மனையின் பெயரில் வரம் என்னும் சொல் அமைந்தமை பொருத்தமே.

மருந்தில்லா நோய் என்றது மிகையன்று. ஸ்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். அதற்கு முன் இருந்தவை ஓய்வு, தூய காற்று, நல்லுணவு ஆகியன. இவற்றோடு, நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்தி நோயுற்ற சுவாசப்பையை ஒடுக்கி ஓய்வு கொடுக்கும் ஒரு முறையும் இருந்தது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நோயாளர் குடும்பத்தைப் பிரிந்து படுக்கையிற் கிடந்தனர். சயமில்லாத ஒருவர் இவ்வாறு கிடக்க நேரின் அது எத்துணைக் கொடுமை! அவர் சுவாசப்பையை வீணே ஒடுக்குவதோ அதனினும் கொடுமை.

அத்தகையோர் உண்மையில் வந்துகொண்டிருந்தனர். இருமல் உண்டு, இளைப்பு உண்டு, எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரு சுவாசப்பைகளிலும் பொட்டுப் பொட்டான நிழல் உண்டு. சளியை எத்தனை முறை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாலும் சயக் கிருமி இல்லை. இரத்தத்திலோ ஒரு புதுமை தோன்றிற்று. இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்கும் வெண்கலங்கள் நலமுடையாரிடம் நூற்றுக்குச் சிலவே இருக்கும். இவர்களிடம் அவை பன்மடங்கு மிகுந்திருந்தன. சயத்தையே வாழ்நாளெல்லாம் கண்ட ஒருவருக்குக் காண்பதெல்லாம் சயமாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. பிறிமோட் மொல்லர் அவ்வாறு மயங்கவில்லை. தம்முடன் பணியாற்றிய பார்ட்டனோடு சேர்ந்து, இது போலிச் சயநிலை, இரத்தத்தின் இயோசின் கலப் பெருக்கோடு கூடியது என்று 1940இல் இந்திய மருத்துவ இதழில் எழுதினார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. புலப்பட்டதாக அவர் பாவனை செய்யவுமில்லை. அக்கட்டுரையில் நான் மிக மதிப்பது இதனையே.

அக்காலத்தில் அவரது தொண்டு ஆரோக்கியவரத்தின் எல்லையையும் கடந்திருந்தது. 1939இல் தோன்றிய இந்தியக் காசநோய்ச் சங்கத்தின் மருத்துவ ஆணையாளராக அவர் கடமையாற்றினார்.

அவர் விட்ட வினாவைப் பலர் கையேற்றனர். 1943இல் வைன்காட்டன் என்பவர் 81 நோயாளரை ஆராய்ந்து, நோய்க்கு வெப்பவலய இயோசினோபீலியா என்னும் பெயரைச் சூட்டினார். வேறொரு நோய்க்காகப் பாடாணம் கலந்த ஊசிமருந்து பெற்ற ஒருவரின் மூச்சுமுட்டும் உடன் தீர்ந்ததை அவர் தற்செயலாகக் கண்டார். மருந்து அகப்பட்டது; காரணம் அகப்படவில்லை. நம் இலங்கையிலும் தேடினர். மலேரியா நுளம்பு ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற காட்டர், வெட், டி அப்றேரா ஆகியோர் 1944இல் இத்தகைய நோயாளரின் சளியிற் சிற்றுண்ணிகளைக் கண்டு, அவையே காரணமாதல் கூடும் என்றனர். அக்கருத்து நிலைக்கவில்லை. எனினும் தவறிய வழியொன்று அடைபட்டமையும் ஆராய்ச்சிக்கு ஆதாயமே.

உண்மை யானைக்கால் நோயின் பக்கத்திலிருந்து வந்தது. யானைக்காற் புழுவுக்குரிய மருந்து இம்மூச்சுநோயைத் தீர்ப்பதைச் சிங்கப்பூரிலிருந்து தனராஜ் 1958இல் எடுத்துக்காட்டினார். 1960இல் வேலூரில் வெப், யோப், கோல்ட் என்போர் நோயாளரின் சுவாசப்பை, ஈரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் சிறு துண்டுகளில் அப்புழுவின் நுண்குஞ்சுகளையே கண்டனர். இரத்தத்தில் அவை காணப்படாமைக்குக் காரணமும் விளங்கிற்று. நுளம்பு கடித்து உடலுட் புகுந்த புழு ஈனும் குஞ்சுகளைச் சிலருடைய உடல் அளவு கடந்து வெறுக்கின்றது. அவை சுவாசப்பையிற் சிக்கி அழிகின்றன. அப்போரிலே சுவாசப்பை புண்படுகின்றது. 1966இல் தனராஜும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் உறுதி செய்தது. அவ்வாய்வாளருள் யாழ்ப்பாணத்துப் பரம்பரையில் வந்த சண்முகரத்தினமும் ஒருவர்.

நம் தீவார் தென்னிலங்கைக் கரையோரத்திற் கடை நடத்திய காலத்தில் அக்கரை யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. அயல்வீட்டாரின் மூச்சுமுட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்பது எமக்கு மிகப் பின்னரே விளங்கிற்று. இலங்கையில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

பிறிமோட் மொல்லருக்குப் பின் அவர் மகன் யொகான்னசும் ஆரோக்கியவரத்தில் வைத்தியராயிருந்து, 1950ஆம் ஆண்டு முதலாக மதனப்பள்ளிச் சுற்றூர்களிற் காசநோய்க் கணிப்பும் பி. சி. ஜி. தடுப்பூசி ஆய்வும் நடத்தினார். தந்தையார் அமைத்த மனை பிற்காலத்தில் எல்லா நோய்க்கும் உரிய பொது வைத்தியசாலையாயிற்று.