சோர்வை மறைக்காத சவேரியார்

டிக்கோயாத் தோட்டங்களின் கத்தோலிக்க இல்லமொன்றிலே, மாதாவின் படத்துக்கருகே புனித சவேரியாரின் படம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலுவை ஏந்திய அத்திருமுகத்தில் சோர்வின் சாயலே இராது. அதே லயத்துக் காம்பராவில், வாரக்கணக்காக உறக்கமின்றி, எவரோடும் பேசாமல் ஒருவர் முடங்கிக் கிடக்கிறார். கேட்போருக்கு வீட்டார் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளிக்கின்றனர். மனம் சோர்ந்தது என்றால் விசுவாசம் குறைந்தது என்று அயலார் எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம் அவர்களுக்கு. படத்திலுள்ள புனிதரோ அவ்வாறு அஞ்சி மறைத்தவர் அல்லர்.

1506 ஆம் ஆண்டு நவார் நாட்டில் பிறந்த சவேரியார், பாரிஸ் நகரில் பயிலும்போது புனித இஞ்ஞாசியாரின் நண்பரானார். 1542 இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். இலிஸ்பனிலிருந்து அவரோடு கப்பலேறிய மான்சிலாஸ் என்பவர் பின்னர் அதே கரையில் வேறு ஊர்களில் பணியாற்றினார். 1544 ஆம் ஆண்டு முழுவதும் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை என ஊர் ஊராகச் சென்ற சவேரியார், இந்த நண்பருக்கு ஓயாமல் கடிதம் எழுதினார்.

அது கொடிய ஆண்டு. வடுகர் படைக்கு அஞ்சிய மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். அவர்களுக்காக 20 தோணிகளோடு புறப்பட்ட சவேரியாரை எதிர்க்காற்று போகவிடவில்லை. மக்களைக் காக்கவேண்டிய போர்த்துக்கேய அதிகாரிகளே அவர்களுக்குத் தீங்கு இழைத்ததையும் கண்டார். மன்னாரில் திருமுழுக்குப் பெற்றவர்களைச் சங்கிலி மன்னன் கொல்வித்ததும் இவ்வாண்டிலேதான். இத்தகைய அநீதிகளைக் கண்டுகொண்டு உயிர்வாழ்வதே தமக்குச் சலித்துவிட்டதென்று மான்சிலாசுக்கு அவர் எழுதினார். ஆம், நாம் நவநாள் செபத்தில் மன்றாடும் அதே புனிதர்தாம்! அவருக்கு மனநோய் இருந்ததென்று நான் கூறவரவில்லை. பாரம் தாங்காதபோது வாய்விட்டுச் சொன்னார் என்பதே செய்தி. அவருடைய சொல் ஊர்விட்டு ஊர் கடந்தே நண்பரைச் சேரவேண்டியிருந்தது. நமக்கோ இன்று 1926 எனும் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் உண்டு.

அதே ஆண்டில் எழுதிய இன்னொரு கடிதத்தில் புன்னகையும் கலந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் நோயுற்றுவிட்டார். சவேரியாருக்கோ மனப்பாடமாகக் கற்ற தமிழ்ச் செபங்களுக்கு அப்பால் அதிகம் பேச வராது. தாம் பேசுவது மக்களுக்கு விளங்குவதில்லை, மக்கள் பேசுவது தமக்கு அதைவிட விளங்குவதில்லை, தமது பிரசங்கம் எப்படி இருக்குமென்று நீரே ஊகித்துக்கொள்ளும் என்று நண்பருக்கு எழுதுகிறார். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் ஏழைகளுக்கு இரங்கவும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்றும் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். தம் இயலாமையைத் தாமே நகைத்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

மான்சிலாசும் எளிதில் பொறுமை இழப்பவர். நினைத்ததெல்லாம் நடவாவிட்டால், இயன்றதைக் கொண்டு மனநிறைவு கொள்ளும்படி சவேரியார் அவரைத் தேற்றினார். சோர்ந்திருந்த ஒருவரே மற்றவருக்கு ஆறுதல் எழுதினார் என்பது என் மனதைத் தொட்டது.

பின்னர் அம்போன் தீவிலிருந்தபோது, ஐரோப்பாவிலுள்ள தோழர்கள் தம் கைப்பட எழுதிய பெயர்களை அவர்களது கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்துத் தம்மோடு சுமந்து சென்றார். 1552 டிசெம்பர் 3 அன்று சீனக் கரையோரச் சான்சியன் தீவில் அவர் மரித்தபோது, இஞ்ஞாசியாரின் கையொப்பம் அவர் கழுத்திலே இருந்தது.

மான்சிலாசோடு கொண்ட உறவு இவ்வாறு முடியவில்லை. மலுக்குத் தீவுகளுக்குச் செல்லுமாறு இட்ட கட்டளைக்கு அவர் பணியாததால், 1548 இல் சவேரியாரே அவரை இயேசு சபையிலிருந்து விலக்கினார். ஆயினும் அந்த நண்பர் சினந்து கடிதங்களை எரித்துவிடவில்லை. கொச்சியில் குருவாக வாழ்ந்தபடி அவற்றைப் பத்திரமாகக் காத்து வைத்தார். சவேரியாரின் சோர்வையும் சிரிப்பையும் இன்று நாம் அறிந்திருப்பது அவரால்தான்.